ஒரே ஒரு ஓரம் மட்டும்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

விடுதியில் நீ எனக்குச் சொல்லித் தந்தாயே ரூபிக்ஸ் கியூப், அதன் அண்ணன், பக்கத்துக்கு நாலுக்கு நாலு சதுரம் கொண்ட 4×4, இப்போது என் மேஜையில் இருக்கிறது. ஹங்கேரிக்காரர் பீட்டர் செபெஸ்டேனி உருவாக்கியது. 1980-களின் தொடக்கத்தில் ரூபிக்ஸ் ரிவெஞ்ச் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நம் பழைய கியூபில், அதாவது 3×3-இல், நடுச்சதுரம் இடம் மாறாது. நடுவில் வெள்ளை இருந்தால் அது வெள்ளைப் பக்கம்தான். இதில் அந்தப் பிடிமானம் கிடையாது. பக்கத்துக்கு நான்காக 24 நடுத்துண்டுகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு என்று நாமே நினைவில் வைத்து நடுவைக் கட்ட வேண்டும். அப்புறம் இரண்டு பக்கங்கள் சேரும் விளிம்பில் இருக்கும் இருநிற ஓரத்துண்டுகள் 24-ஐ நிறம் பார்த்து ஜோடி சேர்த்தால் 12 ஓரங்கள். அதற்குமேல் உன் பழைய 3×3 வழியே போதும்.

போதும் என்று நினைக்கும்போதுதான் அது வருகிறது. கடைசியாகச் சேர்க்கும் மஞ்சள் அடுக்கில் மற்ற எல்லா ஓரமும் மஞ்சளை மேலே காட்ட, ஒரே ஒரு ஓரம் மட்டும் புரண்டு நிற்கும். 3×3-இல் ஓர் ஓரம் தனியாகப் புரளவே முடியாது. யாராவது கழற்றி மாட்டியிருந்தால்தான் உண்டு. இங்கே இரண்டில் ஒரு தடவை வரலாம். இதை பேரிட்டி, அதாவது ஒற்றை-இரட்டைச் சிக்கல், என்கிறார்கள்.

காரணம் புரிந்ததும் முதலில் உனக்குத்தான் எழுதத் தோன்றியது. கணக்கில் உனக்குத்தானே ருசி! உள்ளடுக்கைக் கால் சுற்று திருப்பினால் நான்கு ஓரத்துண்டுகள் சுழற்சியாக இடம் மாறும். இரண்டிரண்டாக மாற்றி அதையே செய்ய மூன்று மாற்றம் வேண்டும், ஒற்றைப்படை. வெளியடுக்கைத் திருப்பினாலோ அப்படி இரண்டு சுழற்சி, ஆறு மாற்றம், இரட்டைப்படை. புரண்டு நிற்கும் ஓரம் என்பது ஜோடியில் உள்ள இரண்டு துண்டும் தங்களுக்குள் இடம் மாறி நிற்பதுதான். ஒரே மாற்றம், ஒற்றைப்படை. அதனால் வெளியடுக்குகளை எத்தனை நாள் திருப்பினாலும் அது சரியாகாது. உள்ளடுக்கில் கால் சுற்றுகள் ஒற்றைப்படையில் விழ வேண்டும். அதற்கான அல்காரிதம், அதாவது வரிசையாகச் செய்யவேண்டிய திருப்பங்கள், நீளமானது. பாதி வழியில் நடுவெல்லாம் கலைந்து வயிற்றைக் கலக்கும். கடைசித் திருப்பில் எல்லாம் இடத்துக்கு வந்து, அந்த ஓரம் மட்டும் நேராகியிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உன் மகள் 3×3 சேர்க்கிறாள் என்று எழுதியிருந்தாய். டிசம்பரில் வரும்போது இதை எடுத்து வருகிறேன். ஜோடி சேர்ப்பது வரை சொல்லிக் கொடுப்போம். பேரிட்டியைப் பற்றி இப்போதே அவளிடம் மூச்சு விடாதே. தானே பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அன்புடன்,
முரளி