ரெண்டு கேள்வி கேளு மாப்ள

அன்புள்ள மாப்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கே எழுதுகிறேன் என்றேன், எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கட்டபொம்மன் ஏட்டையா மகள் கல்யாணத்துக்கு நீ வராததற்கு நானும் திட்ட வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். போன வெள்ளி ராத்திரி பதினொன்றரைக்கு ரோந்து வண்டிக்கு ஒரு போன் கால். தோட்டத்தில் அண்ணன் தம்பி தகராறு. வண்டியில் நானும் டிரைவர் பையனும் மட்டும். மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் மண்பாதை, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. பாதி வழியில் குடிமங்கலம் ஞாபகம் வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 5. அங்கேயும் தோட்டம், அங்கேயும் குடும்பச் சண்டை, அப்பனுக்கும் மகன்களுக்கும். விலக்கிவிடப் போன சிறப்பு எஸ்.ஐ. சண்முகவேலை வெட்டிப் போட்டார்கள். 2021-ல் ஆடு திருடர்களைத் துரத்திப் போய் கீரனூர் பக்கம் உயிரைவிட்ட நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனைப் பற்றிப் பேசும்போது, 'தனியாகப் போயிருக்கக் கூடாது' என்கிறோம். சண்முகவேல் கூட ஒரு காவலர் இருந்தாரே! திருடன் என்றால் உஷாராகப் போகிறோம் மாப்ள. குடும்பச் சண்டை என்றால் ரெண்டு சத்தம் போட்டால் அடங்கிவிடும் என்று லத்திகூட எடுக்காமல் இறங்குகிறோம். நானே எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன். பூமிநாதன் போனபிறகு, அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, தற்காப்புக்குத் துப்பாக்கி எடுக்கத் தயங்காதீர்கள் என்றார். சரிதான். ஆனால் கூடப்பிறந்தவர்கள் கட்டிப் புரளுகிற இருட்டில் யாரைப் பார்த்து நீட்டுவது?

தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தச் சொன்னேன். சைரனைப் போட்டுவிட்டு, வயர்லெஸ் மைக்கில் அடுத்த வண்டியைக் கூப்பிட்டேன். வர இருபத்தைந்து நிமிஷம். உள்ளே ஒரு பொம்பளை அலறுகிற சத்தம். பையன் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "போயிரலாமா ஐயா?" என்கிறான். நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நம் சர்வீஸில் அவ்வளவு நீளமான நேரம் பார்த்ததில்லை மாப்ள.

அடுத்த வண்டி வந்ததும் அஞ்சு பேராய் நுழைந்தோம். தம்பிக்காரன் கையில் அரிவாள், நிறைந்த போதை. ஆட்களைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டான். அவன் அம்மாவுக்குத் தலையில் வெட்டு. 108-ல் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "வாசல் வரைக்கும் வந்துட்டு ஏஞ்சாமி நின்னீங்க?" என்று கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கன்ட்ரோல் ரூமில் இருப்பவன் நீ. கால் வரும்போது பேரும் இடமும் கேட்கிறீர்கள். குடிச்சிருக்கானா, கையில் என்ன வச்சிருக்கான், இந்த ரெண்டையும் கேட்டு எங்களுக்கு மைக்கில் சொல்லுங்கள். தெரிந்திருந்தால் கிளம்பும்போதே அடுத்த வண்டியைக் கேட்டிருப்பேன். இருபத்தைந்து நிமிஷம் பத்தாகியிருக்கும். உன் ஷிப்டில் உன்னோடு உட்காருகிற பிள்ளைகளிடமாவது சொல்.

புதன் எனக்கு ரெஸ்ட், போன் போடு. காலையில் வேண்டாம். அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

உன்,
முருகேசன்