இந்த டிவிஷனுக்கு டி.ஆர்.எம். யார்? பிரிட்டிஷ் ரயில்வே பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் போக்குவரத்துத் துறையில் இருப்பவர்களுக்கும், டார்பியைத் தலைமையிடமாக வைத்து 'கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ்' என்ற புதிய அரசு நிறுவனத்தைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும், எல்லாருடைய பணப்பெட்டிச் சாவியையும் கையில் வைத்திருக்கும் கருவூலத்துக்கும்,

வணக்கம்.

இதே விஷயத்தை உங்களுக்கு ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். இந்த நாட்டு ரயில்களில் தினமும் ஏறி இறங்கும் எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருச்சியிலிருந்து வந்த அம்மாவை விமான நிலையத்தில் அழைத்துக்கொண்டு, லண்டனிலிருந்து நான் வசிக்கும் க்ரூவுக்குக் கிளம்பினேன். நாங்கள் பதிவு செய்திருந்த வண்டி ரத்து. அடுத்த வண்டியில் இரண்டு வண்டி ஜனம் ஏறியது. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். கழிப்பறைக் கதவுக்கு எதிரே சூட்கேஸைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார வைத்தேன். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா இரண்டு கைகளாலும் தன் கால்களைத் தூக்கி ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். ரக்பி தாண்டி வெட்டவெளியில் வண்டி நின்றது. நாற்பது நிமிடம். சிக்னல் கோளாறு என்று ஒருமுறை சொன்னார்கள், அப்புறம் சத்தமே இல்லை.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் 31 வருடம் ஃபிட்டர். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அதனால் அம்மா கோபப்படவில்லை, வண்டி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்த டிவிஷனுக்கு டி.ஆர்.எம். யாருப்பா?"

டி.ஆர்.எம். என்றால் கோட்ட ரயில்வே மேலாளர், அந்தக் கோட்டத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ரயில்வே காலனியில் குழாய் உடைந்தாலும் யார் பெயருக்கு மனு எழுத வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் விளக்கத் தொடங்கினேன். தண்டவாளம் ஒருத்தர் பொறுப்பு, வண்டியை ஓட்டுவது வேறொருத்தர், வண்டிக்குச் சொந்தக்காரர் வாடகைக்கு விடும் இன்னொரு கம்பெனி, எதற்கு எவ்வளவு பணம் என்பது கருவூலத்தில் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியிலேயே "சரி, விடு" என்று சொல்லிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த "சரி, விடு" இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். ஒரு ரயில் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டால், அது முடியும்வரை ஆகும் பணத்தைச் சட்டத்தில் எழுதிப் பூட்டுங்கள். நாடாளுமன்றம் வாக்களித்தாலொழிய அதில் யாரும் கைவைக்கக் கூடாது. அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், அடுத்த வாரமே அம்மாவை க்ரூ ரயில்வே பாரம்பரிய மையத்துக்கு அழைத்துப்போனேன். இந்தத் துறையில் இருக்கும் உங்களுக்கு அங்கே நிற்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏ.பி.டி. (அட்வான்ஸ்டு பாசஞ்சர் டிரெய்ன்), வளைவில் வேகம் குறைக்காமல் போக உள்பக்கம் சாயும்படி உங்கள் முன்னோர் செய்த ரயில், பிரதான பாதையை ஒட்டிப் பல வருடமாக நிற்கிறது. பெட்டியின் பக்கச்சுவர் மேலே போகப்போக உள்வாங்கி இருக்கும். வளைவில் 9 டிகிரி சாயும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் வரும் வண்டியை உரசிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அம்மா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "உங்கப்பா இருந்தா கீழே படுத்து போகியைப் பார்த்திருப்பார்" என்றார். பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டத்தைத்தான் போகி என்பார்கள். நாங்கள் உள்ளே இருக்கும்போதே பக்கத்துப் பாதையில் இன்றைய சாயும் ரயில் ஒன்று லண்டன் பக்கம் கடந்து போனது. அது இத்தாலியில் வளர்ந்த பெண்டோலினோ வகை. இந்த நாடு முன்பே முயன்றதை இருபது வருடம் கழித்து வேறொரு நாட்டின் தொழில்நுட்பமாக வாங்கியிருக்கிறது.

அந்த ரயிலைச் செய்தவர்கள் சாமானியர்கள் அல்ல. விமானத் துறையிலிருந்து வந்த ஆலன் விக்கன்ஸ் போன்றவர்கள், வேகம் கூடும்போது சக்கரம் ஏன் தண்டவாளத்தில் இடவலமாக அலைகிறது என்று டார்பி ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த எண்ணம். 1972 ஜூலையில் முதல் சோதனை வண்டி ஓடியது. ஓட்டுநர் அறையில் ஒரே ஒரு இருக்கைதான் என்று தொழிற்சங்கம் அதைத் தொட மறுத்ததால் ஏறக்குறைய ஒரு வருடம் அது நின்றது. சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வேலை போகும் பயம் என்ன என்பதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் ஒற்றை இருக்கை போட்ட அன்றே சங்கத்தோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேச ஆள் இல்லை. 1975-ல் அதே வண்டி மணிக்கு 152 மைல் தொட்டது. 1979 டிசம்பரில் மின்சார வடிவம் 162 மைல் (261 கி.மீ.) போனது. இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

அப்படிப்பட்ட வண்டி ஏன் தோற்றது? தேசியமயமான ரயில்வே என்பதால்தான், அரசு நிறுவனத்துக்குச் சோம்பல், அவ்வளவுதான் என்று சொல்வார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானில் 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஓடியபோது அதை ஓட்டியதும் அரசு ரயில்வேதான். பிரான்சில் 1981 செப்டம்பரில் பாரிஸ்–லியோன் டி.ஜி.வி. அதிவேக ரயிலை ஓட்டியதும் அரசு ரயில்வேதான்.

வித்தியாசம் பணம் வந்த விதத்தில் இருந்தது. பிரெஞ்சு ரயில்வே கடன் வாங்கி, வளைவைத் தவிர்த்து, புதுப் பாதையே போட்டது. பிரிட்டிஷ் ரயில்வேயால் அப்படி வெளியில் கடன் வாங்க முடியாது. அது வாங்கும் ஒவ்வொரு பவுண்டும் அரசுச் செலவாகக் கணக்கில் ஏறும், உச்சவரம்பை வருடா வருடம் கருவூலம் நிர்ணயிக்கும். பொருளாதாரம் தள்ளாடினால் முதல் வெட்டு அங்கேதான். புதுப் பாதைக்கு வழியில்லை என்றதும், பழைய பாதையின் வளைவையும், பழைய சிக்னல் தூரத்தையும், பழைய மின்கம்பியையும் அப்படியே வைத்துக்கொண்டு வண்டியே எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்றாகிவிட்டது. வளைவுக்குச் சாயும் பொறி. 155 மைல் வேகத்தில் போனாலும் பழைய சிக்னலுக்குள் நிற்க, திரவத்தைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கும் புதுவகை பிரேக். கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபை இரண்டு முனையிலும் தூக்கினால் மின்கம்பி அதிரும் என்பதால் எஞ்சினை நடுவில் வைத்தார்கள், பயணிகள் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக முடியவில்லை. இத்தனை புதுமையையும் ஒரே வண்டியில் ஏற்றி, அதைச் சோதித்துப் பார்க்கக் கட்டியது மூன்றே மூன்று ரயில்.

1981 டிசம்பர் 7 அன்று கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குச் சுமார் நாலேகால் மணி நேரத்தில் அது வந்து சேர்ந்தது. 400 மைல், நாற்பது வருடத்துக்கும் முன்! ஆனால் அதே வாரத்தில் கடுங்குளிர். பிரேக் உறைந்தது, சாயும் பொறி மக்கர் செய்தது, உள்ளே இருந்த பத்திரிகையாளர்கள் குமட்டுகிறது என்று எழுதினார்கள். சில நாட்களிலேயே வண்டியைத் திரும்பப் பெற்றார்கள். தயாராகாத வண்டியைத் தயார் என்று காட்டச் சொன்னது குளிரா? இல்லை. செலவழித்த பணத்துக்குக் கணக்குக் காட்டு என்ற நெருக்கடிதான். அதைவிட வருத்தமானது அப்புறம் நடந்தது. கோளாறுகளைப் பொறுமையாகச் சரிசெய்து, 1984-ல் கால அட்டவணையில் பெயரே போடாமல் அந்த வண்டியை ஓட்டினார்கள். நன்றாகவே ஓடியது. ஆனால் அதற்குள் பணமும் ஆதரவும் கைவிட்டுப் போயிருந்தன. மிச்சப் பெட்டிகளை உடைத்துப்போட்டார்கள்.

அதே அரசு ரயில்வே அதே காலத்தில் டெரி மில்லர் தலைமையில் ஒரு டீசல் வண்டியும் செய்தது. தெரிந்த தொழில்நுட்பம், அளவான ஆசை. 1976 அக்டோபரில் ஓடத் தொடங்கிய அந்த இன்டர்சிட்டி 125, நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. அதைச் செய்ததும் அரசு ஊழியர்கள்தான். அவர்கள் கையிலிருந்த பணத்துக்குள் முடியும் வேலை, அதனால் முடிந்தது.

தனியார் வந்தபோது மட்டும் என்ன நடந்தது? லண்டனிலிருந்து க்ரூ வழியாகக் கிளாஸ்கோ போகும் இதே மேற்குக் கரைப் பாதையில் 140 மைல் வேகம் தருவதாக, தண்டவாளத்துக்குச் சொந்தக்காரரான ரயில்ட்ராக் என்ற தனியார் நிறுவனம் வாக்குக் கொடுத்தது. செலவு பல மடங்கு ஏறியது, 2001 அக்டோபரில் நிறுவனமே திவால் நிர்வாகத்துக்குப் போனது, 140 மைல் பேச்சோடு நின்றது. பலகையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பது பிரச்சினை இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஜப்பானியக் கதை ஒன்றை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அங்கே ரயில்வே தலைவராக இருந்த ஷின்ஜி சோகோவுக்கு, ஆட்சி மாறினால் திட்டத்தை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கினார். மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். ஆனால் அந்தக் கடன் ஒப்பந்தத்தால் அரசே கட்டுப்பட்டது, பாதியில் நிறுத்த முடியாது. செலவு இரட்டிப்பானபோது 1963-ல் அவர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். திறப்பு நாளில் அவர் பதவியில் இல்லை, ஆனால் ரயில் ஓடியது. அம்மா கேட்ட கேள்விக்கு ஜப்பானில் பதில் இருந்தது.

இப்போது உங்களிடமே வருகிறேன். பர்மிங்காம் பக்கத்திலிருந்து எங்கள் க்ரூவரை ஹெச்.எஸ்.2 என்ற புது அதிவேகப் பாதை போட 2021-ல் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. ஊர் அதை நம்பியது. பாதை வரும் இடங்களில் மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கிளம்பினார்கள். 2023 அக்டோபர் 4 அன்று மான்செஸ்டரில், ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த கட்டடத்தில், கட்சி மாநாட்டு மேடையில் ஒரு பிரதமரின் பேச்சு அதை ரத்து செய்தது. சபை வாக்களித்து எடுத்த முடிவு ஒரு பேச்சில் போனது. மிஞ்சியது லண்டன்–பர்மிங்காம் பாதையும், ஹேண்ட்சேக்கர் அருகே பழைய பாதையோடு சேரும் ஓர் இணைப்பும். 2033-லும் அது திறக்காது என்று 2025 ஜூனில் சபையிலேயே சொல்லிவிட்டீர்கள். அந்தப் புது ரயில்கள் சாயாதவை. பழைய பாதையின் வளைவுகளில் இன்றைய வண்டியைவிட மெதுவாகத்தான் போக முடியும். டார்பிக்காரர்கள் ஐம்பது வருடத்துக்கு முன் தீர்க்கப்போன அதே வளைவுகள்!

எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்கவில்லை. ரயில் போனால் வேறென்ன போகும் என்பது பணிமனை ஊரில் பிறந்தவனுக்குத் தெரியும். க்ரூவில் கடை வைத்தவன், வேலை கிடைக்கும் என்று படிப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, வாரம் இரண்டு நாள் லண்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, இவர்கள் யாருக்கும் அந்த மேடையில் இடமில்லை. நெரிசலில் என் அம்மாவுக்கு இருக்கை இல்லாமல் போனது ஒரு மாலை. இவர்களுக்கு அது வருடக்கணக்கு.

மன்னிக்கவும், கேட்க வந்ததிலிருந்து விலகிப் போகிறேன்.

பாதையைப் பராமரிக்க இப்போதே உங்களிடம் ஐந்தாண்டு ஏற்பாடு இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் 2029 மார்ச் வரைக்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டீர்கள். அது நல்ல ஏற்பாடு, அதற்கு நன்றி. புதுப் பாதைக்கும் புது வண்டிக்கும் அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை? ஐந்து வருடத்தில் முடியாத வேலைக்குப் பத்து வருடத்துக்குப் பூட்டுங்கள். சோதனைக்கு மூன்று வண்டி போதாது என்று பொறியாளர் சொன்னால் அதையும் அந்தத் தொகைக்குள் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்றால் தொடங்கும் முன்பே முடியாது என்று சொல்லுங்கள், யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்காது. தொடங்கியபின் வெட்ட வேண்டுமானால் சபைக்கு வந்து, காரணம் சொல்லி, வாக்குக் கேளுங்கள்.

2024-ல் சட்டம் போட்டு ரயில்களை மறுபடி அரசு கைக்குக் கொண்டுவருகிறீர்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் வருடாந்திர உச்சவரம்பையும் கூடவே கொண்டுவந்தால், டார்பியில் இன்று வேலைக்குச் சேரும் இருபத்தைந்து வயதுப் பொறியாளருக்கும் விக்கன்ஸ் குழுவுக்கு நடந்ததுதான் நடக்கும். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அம்மா பங்குனி பிறந்ததும் ஊருக்குத் திரும்புகிறார். மறுபடி இதே பாதையில்தான் லண்டன் போக வேண்டும். பொன்மலைக்குப் போனதும் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்து அந்த ஊர் ரயில்வே எப்படி என்று கேட்பார்கள். அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பெயரை எழுதி அனுப்புங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர் வண்டி ஏறும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மரியாதையுடன்,
பொன்மலை ஃபிட்டர் ஒருவரின் மகன்,
க்ரூ