27பி/6 படிவம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அவருக்கு நல்ல சந்தோசம். இங்கே மாரி முடிந்துவிட்டது, கிணறு நிரம்பி நிற்கிறது.

சரி, நீ கனகாலமாகச் சொன்ன 'பிரேசில்' படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் படிவங்களால் ஆளுகிற ஒரு கற்பனை அரசைப் பற்றி டெரி கில்லியம் 1985 இல் எடுத்தது. அடையாள அட்டை இல்லாமல் நாங்கள் வாசலைத் தாண்டாத காலம் அது.

தொடக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு அலுவலர் ஈ அடிக்கிறார். செத்த ஈ அச்சு இயந்திரத்துக்குள் விழுந்து ஒரு எழுத்தை மாற்றிவிடுகிறது. அரசு தேடுகிற டட்டில் என்பவனின் பெயர் கைது ஆணையில் பட்டில் என்றாகிறது. நத்தார் நேரம், பிள்ளைகளோடு வீட்டில் இருந்த அப்பாவியைக் கூரையைத் துளைத்து வந்து கொண்டுபோகிறார்கள். புருசனைப் பொறுப்பெடுத்ததற்கு மனைவியிடம் கையொப்பம் வாங்கி, பற்றுச்சீட்டும் கொடுக்கிறார்கள். அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கிற அம்மாவை உனக்கு நினைவிருக்கும். மகனைத் தேடி எழுதிய மனுக்களின் பிரதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் கொடுக்க 2016 இல் சட்டம் வந்ததே, அதைச் சொல்லப் போனேன். "பேப்பர் வேண்டாம் தம்பி, பிள்ளை எங்கே எண்டு கேட்டுச் சொல்லு" என்றார். படத்தில், தவறாக அறவிட்ட பணத்துக்குக் காசோலை கொண்டுவருகிற கதாநாயகன் சாம் என்ற அலுவலரிடம் பட்டிலின் மனைவியும் அப்படித்தான் கேட்கிறாள்: அவருடைய உடலை என்ன செய்தீர்கள்? இரவு முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த உலகத்தில் பலரும் நல்ல மனிதர்கள், படிவத்தை ஒழுங்காக நிரப்புகிறவர்கள். சித்திரவதை செய்கிற ஜாக் தன் குட்டி மகளை அலுவலகத்திலேயே விளையாடவிடுகிறான். அதுதான் என்னை உலுக்கியது. 27பி/6 மாதிரிப் படிவங்களின் தொல்லை தாங்காமல் களவாக வந்து குழாய் திருத்துகிற டட்டில் அங்கே பயங்கரவாதி. டி நீரோ அந்த வேடத்தில் அவ்வளவு அழகு!

சந்தோசமான முடிவு வேண்டுமென்று யூனிவர்சல் ஸ்டூடியோ 94 நிமிடங்களுக்கு வெட்டியும் வைத்தது. கில்லியம் விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடித்தாரே, அதற்கே அவரைக் கும்பிட வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இன்னொருமுறை சேர்ந்து பார்ப்போம். அந்த அம்மாவையும் போய்ப் பார்க்க வேண்டும். உன்னைப் பற்றி விசாரித்தவர்.

அன்புடன்,
உன் மச்சான்