நியாய விலைக் கடைகளில் டெல்டா உளுந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் உலகப் பயறு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2016-ஐப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்ததன் தொடர்ச்சியாக வந்த நாள் இது. காவிரி டெல்டாவில் தைப்பட்டத்து உளுந்தும் பச்சைப்பயறும் பூவெடுக்கும் காலமும் இதுவே. வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது சென்னையில் வசிப்பவன் என்ற முறையில், அந்த வயல்களையும் இந்நகரத்துச் சமையலறைகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்து ஒரு கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன்.

பருப்பு விலை ஏறினால் எளிய குடும்பங்கள் அரிசியைக் குறைப்பதில்லை. சாம்பாரில் போடும் பருப்பைத்தான் குறைக்கின்றன. இட்லி மாவுக்கு ஊறப்போடும் உளுந்தும் ஒரு கைப்பிடி குறைகிறது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உள்ளது. அதே அளவு உளுந்திலோ, துவரம் பருப்பிலோ, பாசிப்பயறிலோ 20 முதல் 25 கிராம் வரை இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைந்திருப்பதாலும், பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் கிடைப்பதாலும், இட்லியும் வெண்பொங்கலும் பருப்புச் சாதமும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் உணவுகளாகின்றன. ஆனால், பருப்பின் பங்கைக் குறைத்துவிட்டால் எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் இத்தனை பரவியுள்ள நகரத்தில் இது சிறிய விஷயமன்று.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரண்டாயிரம் கலோரி உணவில் நாளொன்றுக்கு 85 கிராம் பயறு வகைகளைப் பரிந்துரைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் சுமார் 10 கிலோ ஆகும். முட்டை, மீன், இறைச்சி உண்போர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றாலும், நியாய விலைக் கடையில் மாதந்தோறும் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு எவ்வளவு சிறிய பங்கு என்பது விளங்கும். சமைக்கும் முறையிலும் சற்றுக் கவனம் தேவை. சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் பயறின் இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அது குறையும். விரைவில் வேகட்டும் என்று சமையல் சோடா போடுவதால் தயமின் (வைட்டமின் பி1) சத்து அழிகிறது. இரவே ஊறவைத்தால் சோடாவுக்குத் தேவையே இருக்காது.

தைப்பட்டத்து உளுந்து சாகுபடியை நேரில் பார்க்காதவர்களுக்கு அதன் அருமை எளிதில் புரியாது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஏக்கருக்கு 12 கிலோ அளவில் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவார்கள். உழவில்லை, அடியுரமில்லை, பெரும்பாலும் தனிப் பாசனமும் இல்லை. நெல்லுக்குப் பாய்ச்சிய நீரின் மிச்ச ஈரத்தையும் பனியையும் கொண்டே எழுபது நாள்களில் அது விளைந்துவிடும். பூக்கும் நேரத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 விழுக்காடு டிஏபி உரக் கரைசலைத் தெளித்தால் காய்ப்பிடிப்பு கூடும். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை வேரோடு மெல்லப் பிடுங்கி, வேரில் உள்ள சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கும் வேர்கள் அடுத்த பயிருக்கும் உதவும். மணி பிரித்தபின் எஞ்சும் பொட்டு மாட்டுக்குத் தீவனமாகும்.

இத்தனை நன்மை இருந்தும் உழவர்கள் இதில் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. நெல் அறுவடைக்கு இறங்கும் பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) முளைத்த பயிரை நசுக்கிவிடுகிறது. ஈரம் தப்பினால் முளைப்பு கெடும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய்க்கு, புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்கள் உள்ளன. எனினும் தரமான விதை உரிய நாளில் கைக்கு வந்தால்தான் பயன். இவற்றையெல்லாம் விட, வரத்து கூடும் நாள்களில் விலை இறங்குவதே உழவரை அதிகம் சோர்வடையச் செய்கிறது. 2025-26-ஆம் ஆண்டுக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக அரசுக் கொள்முதல் நடைபெற்றாலும், அந்த உளுந்து நம் மாநிலத்து அடுப்புக்கே வந்து சேரும் என்ற உறுதி இல்லை. மறுபுறம், சென்னைத் துறைமுகத்தில் மியான்மர் உளுந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்போடு உளுத்தம் பருப்பும் வழங்கப்பட்டது. பின்னர் உளுந்து நிறுத்தப்பட்டது. அதை மீண்டும், முதற்கட்டமாகச் சென்னையில் மட்டுமாவது, குடும்ப அட்டைக்கு ஒரு கிலோ வீதம் வழங்க வேண்டும் என்றும், அதற்குரிய உளுந்தை டெல்டா மாவட்டங்களிலேயே ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும் என்றும் அரசைக் கேட்டுக்கொள்கிறேன். முழு மானியம் சுமை என்றால் பாதி மானியத்தில் கொடுக்கலாம். உடைத்துத் தோல் நீக்கும் செலவைத் தவிர்த்து முழுக் கறுப்பு உளுந்தாகவே தரலாம். தோலில் உள்ள நார்ச்சத்தும் வீணாகாது, ஊறவைத்துக் களைந்து அரைக்கவும் நம் வீடுகளில் தெரியும். கொள்முதல் அறிவிப்பு மாசிக்குள் வெளியாக வேண்டும். அப்போதுதான் சிறு விவசாயி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, வயலில் நிற்கும் பயிருக்கே விலை பேசிவிடாமல் காத்திருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்,
குரோம்பேட்டை, சென்னை.