அஃபிலியேட் திட்டம்: நீங்களே நடத்துவதா, எங்களிடம் விடுவதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஜமக்காளமும் போர்வையும் ஆன்லைனில் விற்பவர், மூன்று வருடமாக நம்முடைய வாடிக்கையாளர். "ஏனுங்க, உங்களுக்கு மாசாமாசம் கொடுக்கிற காசுக்கு நானே ஒரு பையனைப் போட்டுப் பார்த்துக்கலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். கடைகளின் அஃபிலியேட் திட்டத்தை நடத்திக் கொடுப்பதே எங்கள் பிழைப்பு என்பதால், நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்கு ஆள் கூட்டிவரும் ஆட்டோக்காரருக்குக் கடையில் கமிஷன் உண்டு. அஃபிலியேட் என்பதும் அதே வழக்கம்தான். ஆட்டோவுக்குப் பதில் ஒரு வலைப்பதிவோ யூடியூப் சேனலோ இன்ஸ்டாகிராம் பக்கமோ இருக்கும். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது. இதில் வரும் தகராறுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: ஆளைக் கூட்டி வந்தது யார்? ஆட்டோவிலிருந்து இறங்குபவரைக் கடைக்காரர் கண்ணால் பார்க்கிறார். இணையத்தில், அவர்கள் தரும் லிங்க்கைத் தட்டியதும் வாங்குபவரின் கணினியில் பதியும் குக்கி என்ற சிறு குறிப்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பெரும்பாலான திட்டங்களில் கடைசியாக யாருடைய லிங்க் தட்டப்பட்டதோ அவருக்கே கமிஷன் போகும்.

அதனால் பில் போடும் நேரத்தில் ஓடிவந்து "நான்தான் கூட்டி வந்தேன்" என்று நிற்பவர்கள் உண்டு. கூப்பன் தளங்கள் சில இப்படித்தான் பிழைக்கின்றன. வாங்குபவர் கூடையை நிரப்பிவிட்டு, உங்கள் கடைப் பெயரோடு 'கூப்பன்' என்று சேர்த்துத் தேடுவார். அங்கே ஒரு லிங்க் காத்திருக்கும். வேறு சிலர் உங்கள் கடைப் பெயருக்கே கூகுளில் விளம்பரம் போட்டு, எப்படியும் உங்களிடம் வர இருந்தவரைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் ஏமாந்திருக்கின்றன. ஈபே தன் அஃபிலியேட் திட்டத்தைக் கமிஷன் ஜங்ஷன் என்ற நெட்வொர்க் வழியாக, அதாவது கடைகளையும் அஃபிலியேட்டுகளையும் இணைத்துக் கமிஷனைக் கணக்கெடுக்கும் இடைநிறுவனம் வழியாக, நடத்திவந்தது. அதில் முன்வரிசையில் இருந்த இரண்டு பேர், ஈபே பக்கமே போகாதவர்களின் கணினியிலும் சத்தமில்லாமல் குக்கியைத் திணித்தார்கள். அந்த ஆட்கள் என்றைக்காவது ஈபேயில் ஏதாவது வாங்கினால் கமிஷன் இவர்களுக்கு வந்துவிடும். ஒருவருக்கு மட்டும் ஏறக்குறைய 2.8 கோடி டாலர் போனது. 2008-ல் ஈபே அவர்கள் மீது வழக்குப் போட்டது. அதே வருடம் ஈபே பார்ட்னர் நெட்வொர்க் என்ற பெயரில் திட்டத்தைத் தன் கைக்கே கொண்டுவந்தது. 2014-ல் ஒருவருக்கு 5 மாதமும் மற்றவருக்கு 15 மாதமும் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே விட்டதால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். முன்வரிசையில் விற்றுக் கொடுப்பவரை யாருக்கும் சந்தேகப்பட மனம் வராது.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் கதையையே சொல்கிறேன். போன வருடம் வரை எங்கள் கட்டணம், நீங்கள் அஃபிலியேட்டுகளுக்குக் கொடுக்கும் கமிஷனில் ஒரு பங்காக இருந்தது. கமிஷன் ஏறினால் எங்களுக்கும் ஏறும். ஒரு புடவைக்கடையின் கணக்கில் மூன்று மாதம் கமிஷனில் பாதிக்கு மேல் ஒரே கூப்பன் தளத்துக்குப் போயிருக்கிறது. 'விற்பனை நன்றாக ஏறுகிறது' என்று நாங்களும் சந்தோஷமாக அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தோம். கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். வேண்டுமென்று நாங்கள் மறைக்கவில்லை, ஆனால் உற்றுப் பார்க்கவும் இல்லை. அந்த மாதங்களின் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதன்பிறகு எல்லோருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம்தான். வேறு யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், அவர்கள் எதன் மேல் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். மாதம் 3 லட்சம் ரூபாய் அஃபிலியேட் வழியாக விற்கிறது என்று வையுங்கள். 8 சதவீதம் கமிஷன் என்றால் 24,000. நெட்வொர்க் அந்தக் கமிஷனில் 20 சதவீதம் எடுத்தால் 4,800. எங்களுக்கு 18,000. மொத்தம் 46,800, அதாவது நூறு ரூபாய் விற்பனைக்கு 15 ரூபாய் 60 காசு. அதில் ஆள் கூட்டி வந்தவருக்குப் போவது 8 ரூபாய்தான். இது அதிகம். விற்பனை 15 லட்சமானால் இதே கணக்கு 10 ரூபாய் 80 காசுக்கு இறங்கிவிடும். சொந்தப் பையனுக்குச் சம்பளம் 20,000 என்றாலும் எங்கள் கட்டணத்துக்குக் கிட்டத்தட்டதான் வருகிறது. நீங்களே நடத்தினாலும் நெட்வொர்க்கின் 4,800 மிச்சமாகப்போவதில்லை. லிங்க்கைக் கணக்கெடுக்க ஏதாவது ஒரு மென்பொருள் வேண்டும், அதை நீங்களே எழுதப் போவதில்லையே.

ஆக காசை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஈரோட்டுக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு வரும் விற்பனையில் பெரும்பங்கைப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும். தீபாவளிக்கு அவர்களுக்குப் போர்வை அனுப்புகிறார். அவருக்கு நாங்கள் தேவையில்லை. அவருக்கு மட்டும் இந்த மடலோடு அவருடைய கணக்குக் கோப்புகளையும் அனுப்பியிருக்கிறேன். பையன் முழுநேரம் இதையே பார்க்க வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒன்றரை நாள் போதும், மீதி நேரம் பார்சல் பிரிவைக் கவனிக்கட்டும். ஒரே பயம், பையன் வேலையை விட்டுப் போனால் எல்லாம் அவன் போனோடு போய்விடும். பேச்சுவார்த்தையைக் கடை மெயிலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், ஆட்களை இனிமேல்தான் தேட வேண்டியவர்கள் எல்லாம் முதல் ஒரு வருடமாவது வெளியே கொடுப்பது நல்லது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எந்தச் சேனல் சொன்னால் புடவை விற்கும் என்பதை நீங்கள் பழகித் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு தீபாவளி போய்விடும். ஆனால் நெட்வொர்க் கணக்கு உங்கள் கடைப் பெயரில், உங்கள் மெயிலில்தான் இருக்க வேண்டும். எங்கள் பெயரில் திறந்துவிட்டால், பிரியும் நாளில் அஃபிலியேட்டுகளின் பட்டியல் எங்களோடு வந்துவிடும்.

எங்களிடம் விட்டாலும் கமிஷனுக்கு ஒப்புதல் போடுவதை மட்டும் விடாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியில் போன பார்சல் எத்தனை திரும்பி வந்தது, யார் புடவையை மாற்றினார் என்பது உங்கள் கடைக்குத்தான் முதலில் தெரியும். ரிட்டர்ன் கெடு முடியும் முன்பே கமிஷனை உறுதி செய்துவிட்டால், விற்காத சரக்குக்குக் காசு கொடுத்ததாக ஆகும். டிடிஎஸ், அதாவது காசு கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்புதான். கமிஷனுக்கு அது 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. பழைய விகிதத்திலேயே பிடித்துக்கொண்டிருந்த ஒரு கடையை இந்த வருடமும் பார்த்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து ஒப்புதல் பட்டியலை 5-ஆம் தேதி உங்களுக்கு அனுப்புவோம். 12-ஆம் தேதிக்குள் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். கையெழுத்து வராமல் இனி யாருக்கும் பணம் போகாது. அப்புறம், ஆடித் தள்ளுபடிக்கான படங்களும் விலைப்பட்டியலும் ஆனி 10-க்குள் வந்துவிட்டால் நல்லது. போன தடவை தள்ளுபடி தொடங்கி நான்கு நாள் கழித்துத்தான் பல சேனல்களுக்கு லிங்க்கே போனது.

அன்புடன்,
கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து