விடிய எழும்பினால் கை விறைக்குது என்றாயே

அன்பின் வசந்தி,

ஆறு மாதமாக எழுதவில்லை, கோபப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னக்காவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். சேலைக் கதை பிறகு.

போன ஞாயிறு கதைத்தபோது மோதிரம் கழற்ற வரவில்லை, விடிய எழும்பினால் இரண்டு கையும் விறைக்குது, எல்லாம் ரொறன்ரோக் குளிர் என்றாய். உடனே மருமகளின் சமையலுக்குத் தாவிவிட்டாய். எனக்கு அன்று நித்திரை வரவில்லையடி. நானும் கடல்காற்று என்று சொல்லிச் சொல்லித்தான் பத்து மாதத்தை விட்டேன்.

எனக்கு முதலில் இடியப்ப உரல்தான் காட்டிக்கொடுத்தது. அழுத்த முடியவில்லை. பிறகு சட்டைக் கொக்கி, போத்தல் மூடி. சிக்குன்குனியா விட்டுப்போன நோ என்றார்கள் வீட்டில். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தேன். (அங்கே நீ வாளியோடு ஓடிய ஓட்டம் நினைவு வந்து தனியாகச் சிரித்தேன்.) சுடுதண்ணீர் இதமாகத்தான் இருந்தது. வீக்கம் மட்டும் அப்படியே.

கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது, விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்றுதான். காலை பத்து மணி வரை என்றேன். அம்மாவுக்கு இருந்தது தேய்மானம். முழங்காலும் விரல் நுனி மூட்டும் நோகும், எழும்பி நடந்தால் அரை மணிக்குள் இளகிவிடும், வேலை செய்யச் செய்யத்தான் கூடும். என்னுடையது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறதாம். மணிக்கட்டும் விரல்களின் அடி, நடு மூட்டுகளும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். அசைத்தால் கொஞ்சம் இளகும், சும்மா இருந்தால் மறுபடி இறுகும். அதோடு ஒரு களைப்பு, நித்திரை கொண்டும் தீராத களைப்பு. பெண்களுக்குத்தான் இது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

வசந்தி, எக்ஸ்ரேயில் என் விரல் எலும்பின் ஓரம் அரிபட்டிருந்தது. அது இனித் திரும்பாது. நேரத்தோடு போயிருந்தால் தடுத்திருக்கலாம் என்றபோது அங்கேயே அழுதுவிட்டேன். இப்போது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் முடக்குவாதத்துக்கான மெதொட்ரெக்சேட் குளிசை, இடையில் போலிக் அமிலம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை. போன மாதம் இடியப்பம் பிழிந்தேன்.

இன்றைக்கே மருமகளைக் கூப்பிட்டு, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளைக் குறுக்கே அமத்திப் பார்க்கச் சொல். நொந்தால் குடும்ப டொக்டரிடம் நாள் எடு. நோகாவிட்டாலும் எடு. இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பினால் திரும்பி வராதே. முடக்குவாதம் உள்ள சிலருக்கு அந்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, மூட்டு வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேள். மோதிரம் இறுகினால் வெட்டி எடுக்க விடு, அதைப் போட்டுவிட்டவர் கோபிக்க மாட்டார்.

எந்த நாள் கிடைத்தது என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் மலர்
திருகோணமலை