அந்த மூன்று ஆண்டுகளை மட்டும் கேட்காதீர்கள்

முன்னாள் படைவீரர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் அன்பர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற இருவர் என் தாத்தாவைத் தேடி வந்தார்கள். அப்போது அவருக்கு 91 வயது. சட்டையில் ஒலிவாங்கியைச் செருகி, எந்தப் படைப்பிரிவு, எப்போது சேர்ந்தீர்கள், எங்கே சண்டை, பயமாக இருந்ததா என்று ஒன்றேகால் மணி நேரம் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அதில் குறை இல்லை. தாத்தா படையில் இருந்தது மூன்று ஆண்டுகள். கிராமப் பள்ளிக்கூடத்தில் 34 ஆண்டுகள். நிலத்தில், நடக்கத் தெரிந்த நாள் முதல். “பிறகு ஆசிரியராக இருந்தீர்களாமே?” என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. “ஆமாம்” என்றார். ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டார்கள்.

தாத்தா இப்போது இல்லை. அந்தப் பதிவு எங்களிடம் இருக்கிறது. எப்போது போட்டுப் பார்த்தாலும் அந்த “ஆமாம்” வந்ததும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உங்கள் வேலையின் அருமை எனக்குத் தெரியும். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீ, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகளைத் தின்றது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அதில் போயிற்று. 1940-இல் லண்டன் குண்டுவீச்சில் முதல் உலகப்போர் வீரர்களின் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்தது. ஆகவே ஆளிடமே போய்க் கேட்டாக வேண்டும். காலம் தாழ்த்தவும் கூடாது. முதல் உலகப்போரில் போரிட்ட பிரிட்டனின் ஹாரி பேட்ச் தம் போர் அனுபவத்தைப் பொதுவில் பேசவே இல்லை, 1998-இல் நூறு வயதாகும் வரை. 99 வயதில் கண்மூடியிருந்தால் நமக்கு ஒரு சொல்லும் கிடைத்திருக்காது.

ஆனால் அதே பேட்ச் போர்முனையில் இருந்தது சில மாதங்கள்தான். மற்றபடி குழாய் வேலை பார்த்தவர். முதல் உலகப்போரில் பணியாற்றிய அமெரிக்கர்களில் கடைசியாக எஞ்சிய ஃபிராங்க் பக்கிள்ஸ் 2011-இல், 110 வயதில் காலமானார். அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பண்ணை நடத்தியவர். நூறு வயது கடந்தும் டிராக்டர் ஓட்டினார். செய்தித்தாள்களுக்கு அவர் ‘கடைசி வீரர்’. டிராக்டர் அந்தச் செய்திக்குள் ஒரு சுவையான துணுக்கு, அவ்வளவுதான்.

என் தாத்தாவின் பதிவில் ஓரிடம் இருக்கிறது. பயமாக இருந்ததா என்ற கேள்விக்கு, “இருட்டில் எண்ணிக்கொண்டே நடப்பேன்” என்கிறார். எதை எண்ணினீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்: அடிகளை. இரவில் வழி தவறாமலிருக்கப் படையில் கற்றுத்தரும் வித்தை அது. இடக்கால் தரையில் படும்போது மட்டும் ஒன்று கூட்ட வேண்டும். வளர்ந்த ஆளுக்கு 100 மீட்டருக்கு 60 முதல் 70 வரை வரும். மேட்டில் எண்ணிக்கை கூடும், சமதளத்தில் குறையும்.

பள்ளிக்கூடத்தில் அளவு நாடா ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் நைந்து பாதியில் முடிச்சுப் போட்டது. தாத்தா அதை வைத்து ஒரே ஒரு முறை நூறு மீட்டர் அளந்து, இரண்டு முளைக்குச்சிகள் அடித்து, ஒவ்வொரு பிள்ளையையும் நடக்கவிட்டார். அவரவர் எண்ணை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் என் எண் 84. பிறகு எங்களைத் தம் நிலத்துக்குக் கூட்டிப்போனார். அதன் கீழ்க்கோடி முக்கோணம். அடிப்பக்கத்தை நடந்தோம், உயரத்தை நடந்தோம், பாதியாக்கிப் பெருக்கினோம். ஒருமுறை ஒரு குழு உயரத்துக்குப் பதில் சாய்ந்த பக்கத்தை நடந்துவிட்டது. பரப்பு அதிகமாக வந்தது. தாத்தா திருத்தவில்லை. அந்தக் கணக்குப்படியே விதையை அளக்கச் சொல்லி, தூவியும் காட்டினார். நிலம் தீர்ந்துவிட்டது, கூடையில் விதை மிச்சம். “இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த வரப்பில் உட்கார்ந்திருந்தவர் வீரரா, வாத்தியாரா, விவசாயியா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படைத்துறை, கல்வித்துறை, வருவாய்த்துறை என்று ஆளுக்கொரு கோப்பு வைத்திருந்த அலுவலகங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இது தனியொரு குடும்பத்தின் கதையும் அன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஆசிரியர் பற்றாக்குறையைச் சமாளிக்க, படையிலிருந்து திரும்பியவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து வகுப்பறைக்கு அனுப்பியது பிரிட்டன். முதல் உலகப்போருக்குப் பின் ஆஸ்திரேலியா தன் வீரர்களுக்கு நிலம் ஒதுக்கிக் குடியமர்த்தியது. துண்டு நிலமும் கடனும் அனுபவமின்மையும் சேர்ந்து பலரை அங்கிருந்து துரத்தின. சண்டை ஓய்ந்த பிறகு இவர்கள் பட்ட பாடும் போர் வரலாறுதானே? அதை யார் கேட்கப் போகிறார்கள், நீங்கள் கேட்காவிட்டால்?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் வீரர் வரலாற்றுத் திட்டத்தில் நேர்காணல் குறைந்தது 30 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது விதி. நான் கேட்பது இன்னொரு 30 நிமிடம். அதில் போரைப் பற்றிப் பேசவே வேண்டாம். திரும்பி வந்த முதல் வாரம் என்ன வேலை செய்தீர்கள் என்று தொடங்குங்கள். அறுவடை நாளில் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், இல்லாதவர்களை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கையைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தழும்பும் எந்த வேலையில் வந்தது என்று கேளுங்கள். எல்லாம் குண்டுக் காயம் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். தாத்தாவின் இடக்கையில் இருந்த நீளமான தழும்பு அரிவாள் தந்தது.

அவருடைய நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக: “இரவெல்லாம் மழை. ஏழு பேர் வரவில்லை. பசு கன்று ஈன்றது. தோள் வலி.” போரில் பட்ட இரும்புத் துணுக்கு ஒன்று அவர் தோளில் இருந்தது. நீங்கள் வந்தால் அந்த நோட்டை எடுத்துத் தருகிறேன். நல்ல கேமராவாகக் கொண்டுவாருங்கள். எல்லாம் பென்சிலில் எழுதியது, ஓரங்களில் மங்கத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு பேரன்